வந்ததை வந்தபடி சொல்ல ஓர் அறை

எங்கள் மருத்துவமனையில் வேலை பார்த்த, பார்க்கிற நர்ஸ்மாருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்து, வேதவசனம், யாருக்காவது ரத்தம் தேவை என்கிற செய்தி, இவைதான் வரும். போன வாரம் ஷைனி அதில் ஒரு கேள்வி போட்டிருந்தாள். மனநலப் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. நோயாளிகளைத் தியானத்துக்கு உட்கார வைக்க இப்போது செல்போனில் ஒரு செயலி கொடுக்கிறார்கள். அதில் ஒரு குரல் பேசும். மூச்சைக் கவனி, தோளைத் தளர்த்து என்று சொல்லும். பின்னால் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். பலருக்கு அது நல்ல பலன் தருகிறது என்றே கேள்விப்படுகிறேன். ஆனால் ஒரு பெண், "கண்ணை மூடினா அசிங்க அசிங்கமா நினைப்பு வருது, எனக்கு இது வேண்டாம்" என்று அழுதுவிட்டாளாம். "லில்லி சிஸ்டர், நீங்க இருந்தப்போ இப்படி வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டிருந்தாள் ஷைனி.

கட்டைவிரலால் தட்டிப் பதில் அனுப்பப் பார்த்தேன். முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதை பெரிதில்லை. நர்சிங் முடித்ததும் நாகர்கோவிலில், கோட்டாறு பக்கத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். வீடு கருங்கல் ஊரில், தினமும் பஸ். கொஞ்ச காலம் பிரசவ வார்டு, பிறகு ஆபரேஷன் தியேட்டர். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி தியேட்டரில்தான் கழிந்தது. டாக்டர் கையை நீட்டும் முன்பே எந்தக் கருவி என்று தெரிந்திருக்க வேண்டும், பேச்சே கிடையாது. மூட்டு தேய்ந்து நெடுநேரம் நிற்க முடியாமல் போனபோது, மாடியில் புதிதாகத் தொடங்கியிருந்த மனநலப் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். "உக்காந்து செய்யக்கூடிய வேலைதான் சிஸ்டர்" என்று மேட்ரன் சொன்னார். உட்காருவது இத்தனை கடினமான வேலை என்று அவருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரியாது.

அந்தப் பிரிவின் தலைவர் டாக்டர் தாணுமாலயன். நாங்கள் தாணு டாக்டர் என்போம். உயரமான ஆள், உயரத்துக்காக வெட்கப்படுகிறவர் போலக் கொஞ்சம் கூனி நடப்பார். நோயாளி பேசத் தொடங்கியதும் கையிலிருக்கும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிடுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார். நோயாளி ஒரு சொல்லைத் தேடித் திணறும்போது கூட வந்தவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கப் பார்ப்பார்கள். அவர் கையை லேசாக உயர்த்தித் தடுப்பார். "அவங்களுக்க சொல்லு அவங்களுக்கே கிடைக்கும், கொஞ்சம் பொறுங்க" என்பார். அவர் அதிகம் பயன்படுத்திய வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: "பொறவு?" அதையும் அவசரப்படுத்துகிற மாதிரிக் கேட்க மாட்டார். கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பவர் மாதிரிக் கேட்பார்.

அவர் நடத்திய தியானத்தில் மந்திரமும் இல்லை, மூச்சு எண்ணுவதும் இல்லை. வராந்தாவின் கோடியில் ஒரு அறை. நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றை ஒன்று நேராகப் பார்க்காதபடி கொஞ்சம் சாய்த்துப் போட வேண்டும். ஆட்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டால் பேச்சு மாறிவிடும் என்பார். உட்காருகிறவர் கண்ணை மூடலாம், மூட விருப்பமில்லை என்றால் தரையைப் பார்க்கலாம். மனதில் எது வருகிறதோ வரட்டும். விரட்டவும் வேண்டாம், பிடித்து வைக்கவும் வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் மெல்ல "போதும்" என்பார். உடனே எழுந்திருக்கக் கூடாது. இனிமேல்தான் முக்கியமான வேலை. இருந்த நேரத்தில் என்னென்ன வந்தது என்று ஓர்மைப்படுத்த வேண்டும். கடைசியாக வந்தது என்ன? அதற்கு முன்னால்? அதற்கும் முன்னால்? சாவியைத் தொலைத்தவர் வந்த வழியே திரும்பி நடந்து பார்ப்பதுபோல.

பிறகு, விருப்பமுள்ளவர் சொல்லலாம். வந்ததை வந்தபடி. 'ஏன் வந்தது' என்று யாரும் கேட்கக் கூடாது. 'இப்படியெல்லாம் நினைக்கலாமா' என்று சொல்லவே கூடாது. புத்திமதிக்கும் இடமில்லை. மறந்துபோனால் மறந்துபோச்சு என்று சொன்னால் போதும். எழுதி வைக்கட்டுமா என்று நான் ஆரம்பத்தில் கேட்டபோது, "வேண்டாம் சிஸ்டர், எழுத ஆரம்பிச்சா மனுஷன் அழகா எழுதப் பாப்பான்" என்றார்.

நோயாளிகளோடு உட்காரும் முன்னால் ஊழியர்கள் உட்கார்ந்து பழக வேண்டும் என்பது அவர் சட்டம். முதல் நாள் அவர் "போதும்" என்றதும் நான் சந்தோஷமாக, "ஒண்ணுமே வரல்ல டாக்டர், மனசு அமைதியா இருந்துச்சு" என்றேன்.

"நல்லது. கடைசியா என்ன வந்துச்சு?"

யோசித்தேன். "போற வழியில மீன் வாங்கணும்னு வந்துச்சு."

"என்ன மீனு?"

"சாளை."

"பொறவு? அதுக்கு முன்னே?"

"சாளைன்னா எனக்க வீட்டுக்காரருக்கு முள்ளு எடுக்க மடி, மூஞ்சியத் தூக்கிக்கிடுவாருன்னு. அதுக்கு முன்னே... மேட்ரன் என்னை மாடிக்கு அனுப்பினது என்னை ஒதுக்கத்தானோன்னு."

சொல்லி முடித்ததும் எனக்கே திடுக்கென்றிருந்தது. ஒன்றுமே வரவில்லை என்று சொன்ன மனதுக்குள் இவ்வளவு பேர் வந்து போயிருக்கிறார்கள். டாக்டர் எதற்கும் முகம் மாற்றவில்லை. "அவ்வளவுதான் வேலை. நாளைக்கும் இரிங்க" என்றார்.

எங்கள் சபையில் இது எப்படியோ பரவிவிட்டது. பெண்கள் ஐக்கியத்தில் ஒரு அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏட்டி லில்லி, ஆசுபத்திரியில தியானம் சொல்லிக் குடுக்கியாமே, நம்ம விசுவாசத்துக்குச் சேருமா அது?" என்று கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, பிரசங்க நேரத்தில் என் மனதில் வந்தவற்றைப் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன். முன் வரிசைப் பெண்ணின் சேலை, அடுப்பில் வைத்துவிட்டு வந்த பாத்திரம், மகனின் வேலை, நடுவில் ஒரே ஒரு வசனம். வெளியே வந்து அந்த அக்காவிடம், "சேருமான்னு தெரியல்ல அக்கா. ஆனா ஜெபத்துல நான் எங்கெல்லாம் போறேன்னு இப்பம் தெரியுது. தெரிஞ்சா திரும்பி வரலாம்லா" என்றேன். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்த அறையில் உட்கார்ந்தவர்களில் எல்லோருக்கும் பிடித்தவர் ஹமீது பாய். கோட்டாறில் பாத்திரக் கடை. தூக்கம் வராமல் வந்தவர். முதல் நாளே, "நான் தொழுகையில நிக்கும்போதே கடைக்குப் போயிட்டு வந்துருவேன்மா. எனக்கு இது புதுசு இல்ல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். கடையைப் பிரித்ததில் தம்பியோடு அவருக்கு மனத்தாங்கல். உட்கார்ந்து எழும்பும் ஒவ்வொரு முறையும் தம்பி வந்துவிடுவார். "இன்னைக்கும் வந்தான். இன்னைக்கும் மனசுக்குள்ள ஒரு அறை விட்டேன்" என்பார். யாரும் அவரைத் திருத்தவில்லை. சொல்லிச் சொல்லி அந்த அறைக்கே பலம் குறைந்ததுபோல, ஒரு கட்டத்தில் அவருக்குத் தூக்கம் வரத் தொடங்கியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அஜிதா வந்தாள்.

மலைப்பக்கம் கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் வேலை அவளுக்கு. புருஷன் சுதன் அங்கேயே ரப்பர் பாலைப் பதப்படுத்தும் கூடத்தில் வேலை. முதல் பிரசவம். பெண் குழந்தை, முகம் கழுவி வைத்த மாதிரி இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு அஜிதாவுக்குத் தூக்கமில்லை, சாப்பாடில்லை. குழந்தையைத் தூக்க மாட்டாள். பால் கொடுக்கும்போது மட்டும் மாமியார் பக்கத்தில் உட்கார வேண்டும். கொடுத்து முடித்ததும், "எடுங்கம்மா, எடுங்க" என்று பிள்ளையைத் தள்ளுவாள். கையைக் கழுவிக்கொண்டே இருப்பாள். தன்னுடைய பால்வெட்டுக் கத்தியை அடுத்த வீட்டில் கொண்டு கொடுத்து, "நான் கேட்டாலும் தராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மாமியார் ரத்னபாய்க்கு அது விளங்கவில்லை. பிள்ளை மேல் பாசமில்லாதவள் என்றே முடிவு கட்டியிருந்தார். "பிள்ளைய எனக்க மோளுக்க வீட்டுல கொண்டு விடப்போறோம் டாக்டர், குலசேகரத்துல. பெத்தவளே அங்க விடுங்கன்னு சொல்லுகா, பொறவு நாங்க என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சுதன் தலையைத் தூக்கவே இல்லை.

டாக்டர் அவளைத் தனியாக நெடுநேரம் பார்த்தார். அவள் எதற்கும் முழுப் பதில் சொல்லவில்லை. அவளைக் கீழே வார்டில் சேர்த்தார். குழந்தையும் மாமியாரும் கூடவே. மாத்திரை ஆரம்பித்தார், குழந்தை டாக்டரைக் கேட்டுப் பால் கொடுக்கத் தடையில்லாத மாத்திரையாகப் பார்த்து. இரண்டொரு நாள் கழித்து, அவள் விரும்பினால் மாடி அறையில் வந்து உட்காரலாம் என்றார். அவளும் வந்தாள். பிள்ளையிடமிருந்து தள்ளி இருக்க ஒரு இடம் கிடைத்தது என்றுதான் வந்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.

அவள் ஓர்மைப்படுத்திச் சொல்வதில் ஒரு விசேஷம் இருந்தது. "பஸ்ஸுக்க சத்தம் கேட்டுச்சு. அதுக்கு முன்னே எங்க அம்மை வைக்குத கஞ்சி. அதுக்கு முன்னே கையைக் கழுவணும்னு வந்துச்சு. அதுக்கு முன்னே..." அங்கே நின்றுவிடுவாள். துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றுவாள். பிறகு ஒரு தாண்டு தாண்டி, "அதுக்கு முன்னே ஃபேன் சுத்துத சத்தம்" என்பாள். மறுநாளும் அதே இடத்தில் ஒரு பள்ளம். கையைக் கழுவுவதற்கு முன்னால் எப்போதும் ஒன்று விட்டுப்போகும். தியேட்டரில் இருந்தவளுக்குத் தட்டில் ஒரு கருவி குறைந்தால் உடனே தெரியும். எனக்கு அது தெரிந்தது. ஆனால் இங்கே கேட்கக் கூடாது. ஒருநாள் மட்டும், "இடையில ஒண்ணு விட்டுப்போவுது போல. விட்டுப்போனா போகட்டு மக்கா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயம்தான் இருந்தது.

அன்றைக்கு ஹமீது பாய் வழக்கம்போலத் தம்பியைப் பற்றிச் சொன்னார். "இன்னைக்கும் வந்தான். இன்னைக்கும் அறைஞ்சேன். கை வலிக்கல்ல, அது ஒரு வசதி." எல்லோரும் சிரித்தார்கள். அஜிதா சிரிக்கவில்லை. முதல் முறையாக நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"மனசுக்குள்ள அறைஞ்சா நிசமா அடிச்ச மாதிரி இல்லியா பாய்?"

கேள்வி கேட்கக் கூடாது என்பது அறையின் சட்டம். டாக்டர் தடுக்கவில்லை. ஹமீது பாய் யோசித்துவிட்டு, "அடிச்சிருந்தா அவன் போன நோன்புக்கு எனக்க வீட்டுல வந்து கஞ்சி குடிச்சிருப்பானா மோளே?" என்றார். "நான்தான் அவனுக்கு ஊத்திக் குடுத்தேன். அப்பமும் உள்ளுக்குள்ள அறை போய்க்கிட்டுதான் இருந்துச்சு. கை கஞ்சி ஊத்துச்சு."

அவள் நாற்காலியைப் பழையபடி திருப்பிக்கொண்டாள். அடுத்த நாள் உட்கார வரவில்லை. கீழே போய்க் கூப்பிட்டேன். "கண்ணடைச்சா வருகு சிஸ்டர். நான் வரல்ல" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கை தோல் உரிந்து சிவந்திருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். இதுவும் நான் அவரிடம் கற்றது: தன்னுடைய முறை ஒருவருக்கு ஒத்துவரவில்லை என்றால் அவருக்கு அதில் வருத்தமே வராது. "அப்பம் கண்ணடைக்க வேண்டாம். அறையும் வேண்டாம், ஆட்களும் வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் வராந்தா பெஞ்சுல இருந்து ரோட்டைப் பாருங்க. அவ ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றார்.

அப்படியே செய்தோம். வராந்தாவிலிருந்து கோட்டாறு கடைத்தெருவின் ஒரு துண்டு தெரியும். சரக்கு இறக்கும் வண்டி, பாங்கு சொல்லும் பள்ளிவாசலின் மினாரா, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வழிவிடும் ஆட்டோக்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்போம். சில நாள் அப்படியே போயிற்று. ஒரு மத்தியானம் தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சிஸ்டர், இடையில விட்டுப்போவுதுன்னு சொன்னீங்களே. விட்டுப்போகல்ல. நான்தான் விட்டேன்."

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. "சரி" என்றேன்.

"கத்தி வருகு. எனக்க கையில. தொட்டில் வருகு. நான் எனக்க பிள்ளையக் கொன்னுருவேன் சிஸ்டர். தூரமாக் கொண்டு போங்கன்னு சொல்லுகேன், ஒருத்தருக்கும் விளங்கல்ல."

கீழே வார்டில் அந்தக் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது. எழுந்து ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கால் துடித்தது. பாட்டியின் மடியில்தான் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இவள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எத்தனை நாளாய் என்ன பாடு பட்டிருப்பாள். நான் முகம் மாறினால் இனி யாரிடமும் சொல்ல மாட்டாள். ஆறுதல் சொல்லலாமா, ஜெபிக்கலாமா, ஒன்றும் தோன்றவில்லை. அந்த அறையில் பழகிய ஒரே வார்த்தைதான் வாயில் வந்தது.

"பொறவு?"

அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். இதற்குப் பிறகும் ஒன்று இருக்கலாம் என்று அவள் நினைத்ததே இல்லை போலிருந்தது.

"பொறவா?"

"ஆமா. அந்த நினைப்பு வந்ததுக்குப் பொறவு என்ன வந்துச்சு?"

நெற்றியைச் சுருக்கி ஓர்மைப்படுத்தினாள். "பயம். உள்ளங்கை விறைச்சுப்போகும். பொறவு கையைக் கழுவணும்னு. பொறவு..." திரும்ப ரோட்டைப் பார்த்தாள். "பொறவு பிள்ளைக்கு மூக்குல சளி கட்டியிருக்கு, துடைச்சிருப்பாங்களோ இல்லியோன்னு."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை அடங்கியதும், "இதை நான் டாக்டர்கிட்ட சொல்லணும் மக்கா. உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். நீயும் வா" என்றேன். வந்தாள்.

டாக்டர் அன்று கேட்ட கேள்விகள் மிகவும் நிதானமானவை. அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்து வருகிறதா, பிடிக்காமல் வருகிறதா? யாராவது செய் என்று காதில் சொல்லும் குரல் கேட்கிறதா? குழந்தையைப் பற்றி வேறு மாதிரியான, வினோதமான நம்பிக்கை ஏதாவது உண்டா? தன் உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் உண்டா? ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று விதமாகக் கேட்டார். அவசரப்படவே இல்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

"அஜிதா, இது ஒரு வியாதி. இதுக்குப் பேரு உண்டு, மருந்து உண்டு. பிள்ளை பெத்த எத்தனையோ பேருக்கு வருது; வெளியே சொல்ல மாட்டாங்க, அதனால தனக்கு மட்டும்தான்னு நினைப்பாங்க. உனக்க மனசு எதை நினைச்சு ரொம்பப் பயப்படுதோ அதையே திரும்பத் திரும்பக் காட்டுது. செய்ய ஆசைப்படுத ஆளு கத்தியை அடுத்த வீட்டுல கொண்டு குடுக்க மாட்டா."

அவளுடைய சம்மதத்தோடு சுதனையும் ரத்னபாயையும் உள்ளே அழைத்தார். அந்தப் பேச்சை நான் மறக்கவே முடியாது. டாக்டர் விளக்கி முடித்ததும் சுதன் மனைவியை வெறித்துப் பார்த்தான். "இதையா நீ இத்தனை நாளும் உள்ளே வச்சிருந்த?" என்றான். அதட்டல் இல்லை, குரல் உடைந்திருந்தது. ரத்னபாய் மடியிலிருந்த குழந்தையின் துணியை இழுத்துவிட்டபடி, "அப்பம் பிள்ளையக் குலசேகரத்துக்குக் கொண்டு போகாண்டாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். பிள்ளை அவகிட்டேதான் இருக்கணும். முதல்ல நீங்க பக்கத்துல இரிங்க. பைய பைய விலகிக்கிடுங்க. பொறவு, அந்தக் கத்தி வீட்டுக்குத் திரும்பி வரணும்."

"கத்தியா?"

"ஆமாம்மா. ஒளிச்சு வச்சா அவளுக்க மனசு, கத்தி இல்லாததுனாலதான் பிள்ளை பிழைச்சுதுன்னு சொல்லும். இப்பமே வேண்டாம். நான் சொல்லுத சமயத்துல."

இது சின்ன விஷயம் இல்லை. பேரக்குழந்தையின் உயிரை ஒரு டாக்டரின் வாக்கை நம்பி ஒப்படைக்கச் சொல்கிறோம். அந்தப் பாட்டி மறுத்திருந்தால் நான் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். ரத்னபாய் மருமகளைப் பார்த்தார், மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். எழுந்து போய்க் குழந்தையை அஜிதாவின் மடியில் வைத்தார். அஜிதாவின் கை விறைத்து நின்றது. ரத்னபாய் அந்தக் கையை எடுத்துக் குழந்தையின் முதுகில் வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டார். "நான் இரிக்கேன். பிடி" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவான வேலை. ஷைனிக்கு முக்கியமாக இதைத்தான் சொல்ல வேண்டும். அஜிதா என்னை எங்கே பார்த்தாலும், "நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்லா சிஸ்டர்?" என்று கேட்பாள். ஆரம்பத்தில் நான், "செய்ய மாட்டே மக்கா, செய்யவே மாட்டே" என்பேன். அவள் முகம் தெளியும். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பாள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இனி அதுக்குப் பதில் சொல்லாதீங்க சிஸ்டர்" என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவளுக்கு இல்லை என்பதா? "அது தண்ணி இல்ல, உப்புத்தண்ணி. குடிக்கக் குடிக்கத் தாகம் எடுக்கும்" என்றார். "வந்துச்சான்னு மட்டும் கேளுங்க. பொறவு என்ன வந்துச்சுன்னு கேளுங்க."

அது எனக்குத் தியேட்டர் வேலையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் கண்ணில் கெஞ்சல் தெரியும். நான் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, "வந்துச்சா?" என்பேன். முதலில் கோபித்துக்கொண்டாள். ஒருநாள் பேசாமலே போய்விட்டாள். பிறகு மெல்ல மெல்லப் பதில் வரத் தொடங்கியது. "வந்துச்சு. பயம் வந்துச்சு. கழுவணும்னு வந்துச்சு. கழுவல்ல. பொறவு பிள்ளை கொட்டாவி விட்டுச்சு, நான் அதைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்." அந்த வரிசையில் விட்டுப்போகும் பள்ளம் இல்லாமல் போயிற்று. அந்த நினைப்பும் பஸ் சத்தம் போல, கஞ்சி போல, வந்தவற்றில் ஒன்றாக நின்றது. மருந்தும் தன் வேலையைச் செய்தது. மருந்தில்லாமல் வெறுமனே உட்கார வைத்தே குணப்படுத்தினோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வீட்டுக்கு அனுப்பியபோது குழந்தையை அவளே தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். அதற்குப் பிறகு மாதாமாதம் வருவார்கள். ஒருமுறை ரத்னபாய் வந்து என் காதோடு சொன்னார்: "கத்தியை நானே போய் வாங்கிட்டு வந்தேன் சிஸ்டர். அடுக்களையில அவளுக்குப் பக்கத்துலேயே இருந்து, அதை வச்சுப் பலாக்காய் வெட்டினோம். பிள்ளை பாயில கிடந்து சிரிச்சிச்சு. அவளுக்கு வேர்த்து ஊத்துச்சு. எனக்கும்தான். அவகிட்ட சொல்லாதீங்க." இரண்டு பேருமாகச் சிரித்தோம். பால்வெட்டுக் கத்தியால் பலாக்காய் வெட்டிய வீடு மலையிலே அது ஒன்றாகத்தான் இருக்கும். பிரசவ விடுப்பு முடிந்ததும் அஜிதா தோட்டத்து வேலைக்குத் திரும்பினாள் என்று பிறகு சுதன் சொன்னான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாட்கள் முன்னால் ஒரு காலையில் வராந்தாவில் அவளைப் பார்த்தேன். அன்றைக்கு அவள் வர வேண்டிய நாள் இல்லை. இடுப்பில் மகள், நடக்கத் தொடங்கியிருந்தாள், இறக்கிவிடச் சொல்லிக் காலை உதறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெஞ்சில் இன்னொரு பெண், கைக்குழந்தையோடு அவள் மாமியார். அந்தப் பெண் குழந்தையைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீரிப்பாறையிலிருந்து தோட்டத்து பஸ் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் அஜிதா.

"இது எங்க வீட்டுக்கு அந்தப்பக்கம் உள்ளவ சிஸ்டர். கையைக் கழுவிக்கிட்டே இருக்கா. நான் வல்லதும் கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லுகா. எனக்குத் தெரியாதா?"

"உனக்கு எப்படி இருக்கு மக்கா? வருதா?"

"வருகு சிஸ்டர், எப்பமாவது. நேத்து பால்வெட்டப் போகும்போது வந்துச்சு. பொறவு மழை வரும்போல இருந்துச்சு, பால் பிடிக்குத சிரட்டையில எல்லாம் மழைத்தண்ணி நிறைஞ்சுரும்னு ஓடினேன்."

டாக்டர் வெளியே வந்தார். புதிதாக வந்த பெண்ணைப் பார்த்து, உள்ளே வரலாமா என்று கேட்டார். அவள் அசையவில்லை. துப்பட்டா நுனி விரலில் இறுகியிருந்தது. நான் ஏதோ சொல்லப் போனேன். அதற்குள் அஜிதா மகளை இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்காமல், இரண்டு பேரும் ரோட்டைப் பார்க்கும்படி.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றாள் அவளிடம். "எனக்கு வந்ததை நான் முதல்ல சொல்லுகேன். நீ கேட்டுக்கிட்டு இரி."

சொன்னாள். கத்தி, தொட்டில், எல்லாவற்றையும், குரலைத் தாழ்த்தாமல், அந்த மாமியாரும் கேட்கும்படி சொன்னாள். டாக்டர் வாசலிலேயே நின்றார். உள்ளேயும் போகவில்லை, பக்கத்திலும் வரவில்லை. என் கையிலிருந்த குழந்தை இறங்கி, தத்தித் தத்திப் போய் அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. பேச்சை நிறுத்தாமலே அஜிதா அதன் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

புதிதாக வந்த பெண் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொறவு?" என்று கேட்டாள்.